ஊஞ்சலா, பொத்தானா? தடுமாறும் பிள்ளைகளுக்கான பயிற்சிகளின் கதை

'தத்தி'. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. டம்ளரைத் தூக்கினால் தண்ணீரைச் சிந்துவான். பந்தைப் போட்டால் பிடிக்க மாட்டான். சட்டைப் பொத்தான் போட எட்டு வயசிலும் அம்மா வேணும். எழுதினால் கோழிக் கிறுக்கல். ஆனால் பேச விட்டால் கெட்டிக்காரன், மனக்கணக்கு டக்கென்று சொல்லுவான். கண் நன்றாகத் தெரிகிறது, கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் ஏன் இப்படி? 'சோம்பேறி' என்று பள்ளியிலும், 'கவனமே இல்லை' என்று வீட்டிலும் பேச்சை முடித்துவிடுவார்கள். சில இடங்களில் பிரம்பும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. சுருக்கமாக டி.சி.டி. டிஸ்ப்ராக்சியா என்ற பழைய சொல்லும் புழக்கத்தில் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 40 பேர் உட்காரும் ஒரு வகுப்பில் இரண்டு பேர்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? 'புலன்களைப் பழக்கு, உடம்பு தானாகச் சீராகும்' என்ற ஒரு யோசனை கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாரிஸில் தொடங்கி, ரோம் வழியாக நம்ம அடையாறு வரைக்கும் வந்தது. கலிபோர்னியாவில் மறுபிறவி எடுத்து, இன்றைக்குப் பெருநகர சிகிச்சை மையங்களில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. அந்தக் கதையையும், அதில் எது நின்றது எது நிற்கவில்லை என்பதையும் எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

ஏன் தோணிரேவிலிருந்து தொடங்க வேண்டும்?

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கத்து மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்றால் படகு அணையும் துறை. தெலுங்கிலும் அதே சொல்தான். ஏரியே இரண்டு மாநிலத்துக்கும் பொது என்பதால் சொல்லும் பொதுவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் கோல் ஊன்றித் தோணியைத் தள்ளலாம், பல இடங்களில் இறங்கி நின்றே வேலை பார்க்கலாம்.

இந்த ஏரியில் நடக்கும் மூன்று வேலைகளை மட்டும் யோசித்துப் பாருங்க.

ஒன்று, ஆடுகிற தோணியில் நின்றுகொண்டு கோல் போடுவது. தோணி இடது பக்கம் சாய்ந்தால் உடம்பு தானாக வலது பக்கம் போகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. உள்காதில் இருக்கிற சமநிலைப் புலன் அந்த வேலையைப் பார்க்கிறது.

இரண்டு, வீச்சு வலை எறிவது. வலையை மடித்துத் தோளிலும் முழங்கையிலும் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசும்போது யாரும் தன் கையைப் பார்ப்பதில்லை. பார்வை தண்ணீரில் இருக்கும். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற சேதியைத் தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதுவும் ஒரு புலன்தான். ஐம்புலன் கணக்கில் மட்டும் வராது.

மூன்று, கையால் இறால் பிடிப்பது. எண்ணூர், பழவேற்காடு பக்கத்து இருளர்கள் கலங்கிய தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றைத் தடவி, விரலுக்குத் தட்டுப்படும் இறாலைப் பிடித்துக் கூடையில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். முழுக்க முழுக்கத் தொடு உணர்வு.

சமநிலை, தசை மூட்டு உணர்வு, தொடு உணர்வு. இந்த மூன்றையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் கலிபோர்னியாவில் இதே மூன்றைத் திரும்பச் சந்திக்கப் போகிறோம்.

நகரத்தில் தடுமாறுகிற பிள்ளை 'படிப்பாளி' என்ற பெயருக்குப் பின்னால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். உடம்பின் லாவகமே மூலதனமாக இருக்கும் ஊரில் அப்படி ஒளிய இடம் கிடையாது. அதனால்தான் இந்த யோசனையின் வரலாற்றை ஒரு மீனவ ஊரை மனசில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பாரிஸ்: செகனின் ஊஞ்சல்

1800-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் அவேரோன் காட்டுப்பகுதியிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரு சிறுவனை, ழான் இத்தார் என்ற இளம் மருத்துவர் பாரிஸில் வைத்துப் பழக்கினார். பேச்சு வராத அந்தப் பையனின் புலன்களை முதலில் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சூடு, குளிர், ஒலி, தொடுதல் என்று ஒவ்வொன்றாகப் பயிற்சி கொடுத்தார். பையனுக்குப் பேச்சு பெரிதாக வரவில்லை. ஆனால் முறை பிழைத்துக்கொண்டது.

அதை எடுத்து வளர்த்தவர் எதுவார் செகன் (1812-1880). மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று மருத்துவமனையில் தள்ளப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினார். முதலில் தசை, பிறகு புலன், அதற்குப் பிறகு அறிவு என்பது அவருடைய வரிசை. ஏணி ஏறுவது, படிகளில் கால் வைத்து நடப்பது, எடை தூக்குவது எல்லாம் பாடத்தில் இருந்தது. ஒரு விசேஷமான ஊஞ்சலும் இருந்தது: நீட்டிய காலைத் தாங்கும் அளவுக்கு அகலமான இருக்கை, எதிரே சுவரில் ஒரு பலகை. பிள்ளை ஆடி வந்து பாதத்தால் பலகையை உதைத்துத் திரும்பிப் போக வேண்டும். நிற்கவே தெம்பில்லாத பிள்ளைக்குக் காலில் பலம் ஏறவும், பாதத்துக்குத் தரையின் உணர்வு வரவும் இது வழி.

பிரான்சில் 1848 புரட்சிக்குப் பிறகு செகன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1866-ல் தன் முறையை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். கொஞ்ச காலத்தில் ஐரோப்பா அவரை ஏறக்குறைய மறந்தே போனது.

ரோமிலிருந்து அடையாறுக்கு

மறந்துபோன செகனைத் தேடி எடுத்தவர் மரியா மாண்டிசோரி. ரோமில் இளம் மருத்துவராக இருந்தபோது இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர், இத்தார், செகன் இருவருடைய பிரெஞ்சு நூல்களையும் தன் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். 1907 ஜனவரி 6-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார்.

செகனிடமிருந்து அந்த ஊஞ்சலையும் அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. பொத்தான் போட, கயிறு முடிய, கொக்கி மாட்டத் துணி கட்டிய மரச்சட்டங்கள் செய்தார். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, தட்டு எடுத்து வைப்பது எல்லாமே பாடம். தரையில் ஒரு நீள்வட்டக் கோடு போட்டு, கையில் தண்ணீர் நிறைந்த குவளையோடு சிந்தாமல் அதன் மேல் நடக்கச் சொல்வார்கள். இன்றைக்கும் மாண்டிசோரி பள்ளிகளில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். நம்ம 'தத்தி'ப் பையனுக்கு எது வரவில்லையோ, அதுவே இங்கே பாடமாக மாறியிருப்பதைக் கவனியுங்க.

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னை வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து, மகன் மரியோவோடு வந்தவருக்கு அப்போது வயது 69. அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர்களான இருவரும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரிக்கு அடையாறை விட்டுப் போகத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாளையொட்டி மரியோவை விடுதலை செய்தது வைஸ்ராய் அரசு. பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார்கள். 1946-ல்தான் ஐரோப்பா திரும்ப முடிந்தது. அடுத்த வருஷமே மறுபடி வந்து 1949 வரை இந்தியாவில் வேலை செய்தார். அதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டியே ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ரோமின் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை, நம்ம ஊரில் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளில்தான் வேர் பிடித்தது. அதன் சாயல் அரசுப் பள்ளிகளுக்கு வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையோடு மாண்டிசோரியின் கருத்துகளும் அதில் கலந்திருந்தன. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

கலிபோர்னியா: ஊஞ்சல் திரும்ப வருகிறது

இதற்கிடையில் மருத்துவ உலகம் இந்தப் பிள்ளைகளைத் தனியாக அடையாளம் காணத் தொடங்கியிருந்தது. 1937-ல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், அளவுக்கு மீறித் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1962-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இவர்களைப் பற்றித் தலையங்கமே எழுதியது. 1975-ல் சாசன் கபே 'தடுமாறும் குழந்தை' என்ற பொருளில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் டி.சி.டி. என்ற பெயர் ஏறியது 1987-ல். 1994-ல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள் எல்லோரும் இந்த ஒரே பெயரைப் பயன்படுத்துவது என்று ஒத்துக்கொண்டார்கள்.

பெயர் வைப்பது ஒரு பக்கம் நடக்க, சிகிச்சையில் பெரிய தடம் பதித்தவர் ஏ. ஜீன் ஏயர்ஸ் (1920-1988). கலிபோர்னியாவின் விசாலியாவில் வால்நட் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, செயல்முறை சிகிச்சையாளராகப் படித்து, பிறகு மூளை ஆராய்ச்சிக்குப் போனவர். 1972-ல் வந்த அவருடைய புத்தகம் 'புலன் ஒருங்கிணைப்பு' என்ற கொள்கையை முன்வைத்தது. கற்றலிலும் இயக்கத்திலும் தடுமாறும் சில பிள்ளைகளின் மூளை, புலன்கள் தரும் சேதிகளைச் சரியாகக் கோர்ப்பதில்லை என்றார். எந்தப் புலன்கள்? தொடு உணர்வு, உள்காதின் சமநிலை, தசை மூட்டு உணர்வு. தோணிரேவில் பார்த்த அதே மூன்று.

அவருடைய சிகிச்சை அறையில் தொங்கும் பலகைகள், உருளைத் திண்டு ஊஞ்சல்கள், படுத்துக்கொண்டு உருண்டு போகும் சக்கரப் பலகைகள் இருந்தன. பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல், ரொம்ப எளிதாகவும் இல்லாமல் ரொம்பக் கடினமாகவும் இல்லாமல், சரியான அளவு சவாலாக விளையாட்டை அமைப்பது அவருடைய திறமை. 'சோம்பேறி', 'அடம்' என்று திட்டு வாங்கிய பிள்ளைகளைப் பார்த்து, 'இவன் வேணும்னே செய்யலை, இவனுக்குச் சேதி சரியாகப் போய்ச் சேரலை' என்று பெற்றோரிடம் சொன்னவர் அவர். அதற்காகவே அவரை மதிக்க வேண்டும்.

சோதனையில் என்ன நின்றது?

ஏயர்ஸின் கணக்கு இது: அடியிலிருக்கும் புலன் ஒருங்கிணைப்பைச் சரி செய்தால், மேலே உள்ள எழுத்து, பொத்தான், பந்து எல்லாம் தானாகச் சீராகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து வந்த ஆய்வுகளில் இந்த 'தானாக' என்பதுதான் தடுக்கியது.

மனித உடம்பு எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறுகிறது. தள்ளாடும் பலகையில் மாதக் கணக்கில் நின்றவன் தள்ளாடும் பலகையில் நிற்பதில் கெட்டிக்காரன் ஆகிறான். அந்தக் கெட்டிக்காரத்தனம் பேனா பிடிக்கும் விரலுக்குப் பெரிதாக இறங்கி வருவதில்லை. டி.சி.டி.க்கான சர்வதேச வழிகாட்டுதல் 2019-ல் புதுப்பிக்கப்பட்டபோது முன்னுரிமை கொடுத்தது, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய செயலையே நேரடியாகப் பழக்கும் முறைகளுக்கு. கனடாவில் உருவான ஒரு முறையில் இலக்கைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும்: 'எனக்கு சைக்கிள் ஓட்டணும்', 'ஷூ லேஸ் கட்டணும்'. பிறகு நாலு படி: என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், செய்து பார்க்கிறேன், சரியாக வந்ததா என்று பார்க்கிறேன். வரவில்லை என்றால் வழியை மாற்றி மறுபடியும். சிகிச்சையாளர் விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்பார்.

ஊஞ்சல் சிகிச்சையைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் சொன்னது நிதானமானது. ஒரு முழுமையான திட்டத்தின் பகுதியாக இதைச் செய்வதில் தவறில்லை. ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இலக்கும் கால வரம்பும் வைத்துப் பலனைப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை எந்த அளவு உதவும் என்பது தனி விவாதம், இங்கே அதற்குள் போகவில்லை.

நிதானம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் வின்ஃபோர்ட் டோர் என்ற தொழிலதிபர், சிறுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லி, தள்ளாடும் பலகையில் நிற்பது, சிறு பைகளை வீசிப் பிடிப்பது போன்ற பயிற்சிகளைப் பெரிய கட்டணத்துக்கு விற்றார். டிஸ்லெக்சியா, டிஸ்ப்ராக்சியா, கவனக்குறைவு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. 2003-ல் வெளியான அதன் ஆய்வை, ஆய்வு அமைந்த விதமே சரியில்லை என்று பல ஆராய்ச்சியாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். 2008-ல் அந்த நிறுவனம் பிரிட்டனில் மூடப்பட்டது. பிள்ளையின் தவிப்பைப் பார்க்க முடியாத பெற்றோர் எதற்கும் பணம் கட்டத் தயாராக இருப்பார்கள். அந்தத் தவிப்புக்கு இன்றும் சந்தை இருக்கிறது.

செகனின் வீட்டிலிருந்து இரண்டு சாமான்கள் வெளியே போனதாக வைத்துக்கொள்ளுங்க: ஒன்று ஊஞ்சல், இன்னொன்று அன்றாடச் செயல். மாண்டிசோரி இரண்டையும் எடுத்து, பொத்தானைத்தான் பெரிதாக்கினார். ஏயர்ஸின் வழி ஊஞ்சலைப் பெரிதாக்கியது. இருநூறு வருஷம் கழித்து ஆய்வுகள் பொத்தான் பக்கம் சாய்கின்றன. ஊஞ்சல் பிள்ளைக்கு ஆசையும் தைரியமும் தரும், அது சும்மா இல்லை. ஆனால் பொத்தான் போடப் பொத்தானைத்தான் பழக வேண்டும்.

திரும்பத் தோணிரேவுக்கு

இந்தியாவில் செயல்முறை சிகிச்சைப் படிப்பு 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கி வைத்தது. அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர் அவர். இன்றைக்குச் சென்னையில் ஊஞ்சலும் பந்துக் குளமும் வைத்த மையங்கள் நிறைய. ஆனால் பழவேற்காட்டிலிருந்து சென்னை 60 கிலோமீட்டருக்கு அருகில் வரும். வாரம் இரண்டு தடவை பிள்ளையைக் கூட்டிப் போவது என்றால் வீட்டில் ஒருத்தருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை போச்சு.

அரசு வழியும் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பார்க்கும், தேவைப்பட்டால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அந்தச் சல்லடையில் டி.சி.டி. பிள்ளை எளிதில் நழுவிவிடும். நடக்கிறான், ஓடுகிறான், பேசுகிறான், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொதுவாக ஐந்து வயதுக்கு முன்னால் இதை உறுதி செய்யவும் மாட்டார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளின் வரிசையில் டிஸ்ப்ராக்சியாவின் பெயரும் இருக்கிறது. அதாவது 'தத்தி' என்று ஊர் சொல்வதைச் சட்டம் வேறு பெயரில் அங்கீகரித்திருக்கிறது. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுக்கிறது. கையெழுத்து சரியில்லை என்று ஒரு பிள்ளைக்கு அடி விழுந்தால், அது இரண்டு சட்டங்களும் பேசுகிற விஷயம்.

சிகிச்சையாளர் இல்லாத ஊருக்கு என்ன வழி என்பதற்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் ஒரு மாதிரி இருக்கிறது. 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. மேலே சிகிச்சையாளர் இருந்து வழிகாட்டுவார். அவர்களுடைய வேலை பெரும்பாலும் இதைவிடக் கடுமையான குறைபாடுகளோடு. ஆனால் அமைப்பு இதற்கும் பொருந்தும்.

செயலையே பழக்குவதுதான் முறை என்று ஆன பிறகு, விலை உயர்ந்த அறை வேண்டியதில்லை. வேண்டியது, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கத் தெரிந்த ஒருவர், பொறுமை, தினம் கொஞ்ச நேரம். தோணி ஏறப் பயப்படும் பிள்ளை என்றால், முதலில் கரையில் கட்டிய தோணியில் சும்மா உட்காரட்டும். அடுத்து முட்டி போடட்டும். அடுத்து பெரியவர் கையைப் பிடித்து நிற்கட்டும். கையை விடுவது கடைசியில். ஏரி ஆழமில்லை என்றாலும் பக்கத்தில் ஒரு பெரியவரும் மிதவைச் சட்டையும் கட்டாயம். பொத்தான் என்றால் முதலில் பெரிய பொத்தான், சட்டையை மடியில் வைத்து. உடம்பில் போட்டுக்கொண்டு போடுவது அப்புறம். எழுத்து என்றால் பரீட்சையில் கூடுதல் நேரம், முடிந்தால் வாயால் சொல்ல விடுவது. எந்தச் செயல் முதலில் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். நாம் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருப்போம். அவனுக்கு மற்ற பையன்களோடு பந்து விளையாடுவதுதான் முக்கியமாக இருக்கும்.

இது வயசானால் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. தடுமாற்றத்தைவிட அதிகம் வலிப்பது, விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி வருகிற தாழ்வு மனப்பான்மை. ஊஞ்சல் வாங்க முடிகிற பெற்றோர் தாராளமாக வாங்கட்டும், பிள்ளை சந்தோஷமாக ஆடட்டும். சிகிச்சை மையத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்க: 'மூணு மாசம் கழிச்சு, இப்போ செய்ய முடியாத எந்த வேலையை என் பிள்ளை தானாகச் செய்வான்?'